பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கம்பளத்துக்குச் சாயமேற்றுவது பற்றி

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின்மீது பிரியம் கொண்டவர்களோடு எனக்கு நெடுநாளைய சகவாசம் உண்டு. எஞ்சினின் நாதத்தைப் பற்றியும், மேற்பூச்சின் மெருகைப் பற்றியும், ஆசனங்களில் போர்த்திய தோலின் தரத்தைப் பற்றியும் அவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். காலடியில் கிடக்கும் கம்பளத்தைப் பற்றி மட்டும், அது கிழிந்து நாறத் தொடங்கும் வரையில், ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கதவைத் திறந்த மாத்திரத்தில் வண்டியின் வயதை முதலில் சொல்லிவிடுவது அந்தக் கம்பளமே. வெளியே பூச்செல்லாம் புதுப்பித்துவிட்டு உள்ளே வெளிறிய கம்பளத்தை அப்படியே விட்டிருக்கும் வண்டியைக் காணும்போதெல்லாம், பட்டு வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாகக் கிழிந்த செருப்போடு கல்யாணத்துக்கு வந்தவரைப் பார்த்தாற்போல் எனக்கு ஒரு சங்கடம் உண்டாகும்.

என்னுடைய வண்டி 1980-களில் ஜெர்மனியின் நெக்கர்சுல்ம் நகரத்து ஆலையில் உருவான போர்ஷே 944. இதன் பின்புறம் முழுவதையும் மூடியிருப்பது குமிழ்போல் வளைந்த ஒரே பெரிய கண்ணாடி. 1976-இல் வெளிவந்த 924 என்னும் மூத்த வகையிலிருந்து வந்த அமைப்பு அது. பார்வைக்கு அழகுதான், ஆயினும் கோடையில் நிழலிலேயே நாற்பது டிகிரிக்கு மேல் காயும் அரிஸோனா மாகாணத்து ஃபீனிக்ஸ் நகரில் அந்தக் கண்ணாடியின் கீழே விரிந்து கிடக்கும் கம்பளம் என்ன பாடு படும் என்பதை வடிவமைத்தவர்கள் ஜெர்மனியின் மேகமூட்டத்தில் இருந்துகொண்டு நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணக் கண்ணாடி அவற்றில் ஒரு பகுதியைத்தான் தடுக்கிறது; அலை நீளம் அதிகமான மற்றொரு பகுதி தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது; கண்ணுக்குத் தெரியும் ஒளியும், மூடிய வண்டிக்குள் அறுபது டிகிரிக்கு மேல் ஏறும் உஷ்ணமும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆகவே முன்னாசனங்களின் கீழே கறுப்பும் சிவப்பும் கலந்த நல்ல காப்பிக்கொட்டை நிறமாக இருந்த கம்பளம், பின்னால் போகப்போகச் செங்கல் நிறமாகி, கண்ணாடியின் நேர் கீழே வைக்கோல் நிறமாக நின்றது.

இந்த நிறமாற்றத்தில் ஒரு கிரமம் உண்டு. பழுப்பும் கறுப்பும் தனி நிறங்கள் அல்ல. நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய சாயங்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்து உண்டாக்கியவை. அவை யாவும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. சலவைக் குளோரின் பட்ட இடத்தில் முதலில் நீலம் போகும், பிறகு சிவப்பு, கடைசியில்தான் மஞ்சள் என்பது கம்பளச் சாயக்காரர்கள் எல்லோரும் அறிந்த பாடம். என் வண்டியில் வெயிலும் ஏறக்குறைய அதே வழியைத்தான் பின்பற்றியிருந்தது. ஆகையால் வெளிறிய பழுப்பின்மேல் மீண்டும் பழுப்பையே ஊற்றுகிறவர், ஏற்கெனவே மிஞ்சியிருக்கும் மஞ்சளோடும் சிவப்போடும் இன்னும் கொஞ்சம் மஞ்சளையும் சிவப்பையும் சேர்க்கிறார். விளைவு துருப்பிடித்த இரும்பின் நிறம். போனது எதுவோ அதையே கொடுக்கவேண்டும். என் கம்பளத்தின் முன்பகுதிக்குக் கொஞ்சம் நீலமும், பின்பகுதிக்கு நிறைய நீலமும் ஓரளவு சிவப்பும் தேவைப்பட்டன. பூர்வ நிறம் எது என்பதை நிர்ணயிக்க ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை: நடுக் கன்சோலின் ஓரத்தையும் ஆசனத் தண்டவாளத்தின் அடியையும் தூக்கிப் பார்த்தால், ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்த நிறம் ஒரு விரற்கடை அகலத்துக்காவது அங்கே பத்திரமாக இருக்கும்.

ஆனால் நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், நார் எது என்று அறிவது அவசியம். இந்த ஒரு விஷயத்தில் சிரத்தை காட்டியவனுக்கு மற்றவை எல்லாம் எளிதாகும், இதை அலட்சியம் செய்தவனுக்கு எத்தனை விலை உயர்ந்த சாயமும் பயன்படாது. ஸ்போர்ட்ஸ் கார்களின் கம்பளங்கள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. 1961-இல் பிறந்த ஜாகுவார் இ-டைப்பில் வில்ட்டன் என்னும் ஆங்கிலேயக் கம்பளியைக் காணலாம். 1960-களின் அமெரிக்கக் கார்வெட்டுகள் பலவற்றில் இருந்தது எண்பது பங்கு ரேயானும் இருபது பங்கு நைலானும் கலந்த வளைய நெசவு. போர்ஷே 911 வகைகளில் பெர்லான் என்ற பெயரில் வழங்கியது, பால் ஷ்லாக் என்ற ஜெர்மானிய ரசாயனி 1938-இல் கண்டுபிடித்த நைலான் வகையே. பின்னாளில் மலிவுக்காகச் செய்த மாற்றுக் கம்பளங்களில் பாலியெஸ்டரும் பாலிப்ரொபிலீனும் புகுந்துவிட்டன. முந்தைய சொந்தக்காரர் எதை ஒட்டிவைத்தார் என்பது யாருக்குத் தெரியும்?

ஆகவே பரீட்சை செய்வதே உசிதம். கன்சோலுக்குள் மறையும் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளைப் பிடுங்கி, வண்டிக்கும் பெட்ரோலுக்கும் எட்டத்தில், ஓர் உலோகத் தட்டின்மேல் இடுக்கியில் பிடித்துத் தீக்காட்டவேண்டும். கம்பளியானால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், மிஞ்சிய சாம்பல் விரலில் நொறுங்கும். ரேயான் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். நைலான் தீயைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். பாலியெஸ்டரும் உருகும், ஆனால் கரும்புகையோடு. பாலிப்ரொபிலீனில் மெழுகுவர்த்தி அணைந்த வாசனை எழும். அதற்கு இன்னோர் அத்தாட்சியும் உண்டு, அதன் இழையைத் தண்ணீரில் அமுக்கிவிட்டால் மேலே வந்து மிதக்கும். நான் முதன்முதலில் இதைச் செய்து காட்டியபோது அருகில் இருந்த ஒரு முதிய மெக்ஸிகோக்காரர், ஆசனத்துக்குத் தோல் தைப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர், தீயைக் கொளுத்துவதற்கு முன்பே இழையை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து, "நைலான்" என்று சொல்லிவிட்டார். அவர் விரலுக்கு இருந்த ஞானம் நமக்கு இல்லாதபடியால் தீக்குச்சியே துணை.

நாருக்கும் சாயத்துக்கும் உள்ள இந்தப் பொருத்தம் நவீனச் சாயத் தொழிலின் ஜன்மத்தோடு ஒட்டிவந்த சங்கதி. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பிள்ளை, கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் புகுந்து, எதிர்பாராத விதமாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டான். அது பட்டில் சட்டென்று பிடித்தது. பருத்தியிலோ வேறொரு பற்றூட்டும் சரக்கு இல்லாமல் நிற்கவில்லை. அன்று பருத்திக்கு நேர்ந்ததுதான் இன்று பாலிப்ரொபிலீனுக்கும் நேர்கிறது, இன்னும் கடுமையாக: அதற்குள் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் இடமே இல்லை. நூலாக இழுப்பதற்கு முன், உருகிய நிலையிலேயே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். பிறகு அதை மாற்ற நம்மால் ஆகாது. பாலியெஸ்டருக்கு நூறு டிகிரியைத் தாண்டிய உஷ்ணமும் அழுத்தமும் வேண்டியிருப்பதால், வீட்டுக் கொல்லையில் அதற்கும் வழியில்லை. கம்பளியும் நைலானும் நல்ல ஜாதி. அவற்றில் உள்ள அமீன் தொகுதிகள், அமிலம் சேர்ந்ததும் நேர் மின்னேற்றம் பெற்று, எதிர் மின்னேற்றம் கொண்ட சாயத்தைக் கையைப் பிடித்து அழைத்துக்கொள்கின்றன. இதற்கு உகந்த சாயத்தை அமிலச் சாயம் என்பார்கள். கார்வெட்டின் ரேயானுக்கு அமிலச் சாயம் போதாது. பருத்திக்கும் நைலானுக்கும் பொதுவாக விற்கும் இருவகைக் கலப்புச் சாயம் வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் ஸ்ப்ரே டின்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'வினைலுக்கும் துணிக்கும்' என்று எழுதியிருக்கும் அவை சாயம் அல்ல, பெயின்ட். நாருக்குள் இறங்காமல் அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சட்டையைப் போர்த்துகின்றன. டிக்கியின் பக்கச் சுவர், பின்னாசனத்தின் முதுகு முதலிய, காலோ கையோ அதிகம் படாத இடங்களில், மிக மெல்லிய பூச்சாக அடித்து, ஈரம் காய்வதற்குள் பிரஷ்ஷால் நாரை நிமிர்த்தி, காய்ந்தபின் மறுபூச்சு அடித்தால் பார்வைக்குக் குற்றமில்லை. நார் எதுவென்று பாராமல் அடிக்கலாம் என்பது அதன் ஒரே அனுகூலம். பாலிப்ரொபிலீன் வைத்திருப்பவருக்கு வேறு கதியும் இல்லை. ஆனால் ஓட்டுநரின் குதிகால் உராயும் இடத்தில் அது சில மாதங்களில் உரிந்துபோகும். கனமாக அடித்தவரின் கம்பளமோ வைக்கோற் பிரிமனைபோல் விறைத்து, தொட்டால் உறுத்தும். எனக்கு அது திருப்தி தருவதில்லை.

இனி, வேலை. கம்பளத்தை வண்டியில் இருந்தபடியே சாயமேற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். கழற்றித்தான் ஆகவேண்டும், அதுவும் சாயத்தின் பொருட்டு மாத்திரம் அல்ல. பழைய வண்டிகளில் கம்பளத்தின் கீழே ஒலியடக்கும் தடித்த அடிவிரிப்பு ஒன்று இருக்கும். ஜன்னல் ரப்பரிலும் பின்கண்ணாடி விளிம்பிலும் கசிந்த மழைநீரெல்லாம் அதில் ஊறி, மேலே கம்பளம் உலர்ந்திருக்கக் கீழே மாதக்கணக்கில் ஈரம் தங்கி, தரைத் தகட்டைத் துரு தின்றுகொண்டிருக்கும். துருவைச் சுரண்டி அடக்காமல், ஒழுக்கை அடைக்காமல், மேலே சாயமேற்றுவதில் அர்த்தம் இல்லை. ஆசனங்களைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பை நீக்கவேண்டும். மின்சாரத்தால் நகரும் ஆசனங்களில் கம்பிகள் உண்டு, 1987-ஆம் ஆண்டு 944 டர்போ முதலான வண்டிகளில் ஏர்பேக்கும் உண்டு, அவற்றோடு விளையாடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் எடுக்கும்போது அதன் அடிப்புறத்தில் எந்த இடத்துக்கு உரியது என்று எழுதிவைப்பதும், ஒரு புகைப்படம் எடுத்துவைப்பதும், பின்னால் மிகுந்த ஆறுதலைத் தரும். பழைய பசை காய்ந்து பொரிந்திருக்கும். இழுக்காமல், தட்டையான கத்தியை உள்ளே விட்டுப் பொறுமையாகப் பெயர்த்தால் கம்பளம் கிழியாமல் வரும்.

சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் பெரும்பங்கு. சாயமேற்றும் பொழுதைவிடக் கழுவும் பொழுது பல மடங்கு நீளும், நீளவும் வேண்டும். முதலில் காய்ந்தபடியே இரு புறமும் தட்டி, வாக்குவம் கிளீனரால் மணலை உறிஞ்சவேண்டும். ஈரம் பட்டபின் பாலைவனத்து மணல் சேறாகி நாரின் வேருக்குப் போய்விடும். பிறகு நிறமற்ற மென்மையான சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான நீரும். டாஷ்போர்டைப் பளபளக்கச் செய்யும் சிலிக்கோன் மெருகு முப்பது வருஷமாகச் சொட்டிச் சொட்டிக் கம்பளத்தில் படிந்திருக்கும். அது இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்க்கலாம்: உடனே உள்ளிறங்கினால் சுத்தம், முத்துப்போல் மேலே நின்றால் மறுபடியும் கழுவவேண்டும். குளோரின் பட்ட வெள்ளைத் திட்டு ஏதேனும் இருந்தால், புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று சொல்லும் சோடியம் தயோசல்ஃபேட்டைக் கரைத்து அதன்மேல் விட்டு அலசவேண்டும். இல்லையேல் எஞ்சிய குளோரின் புதிய சாயத்தையும் தின்றுவிடும். அடிப்புறம் சணலானால் கொதிநீர் ஆகாது, சுருங்கிவிடும். நெடுநேரம் ஈரமாகக் கிடந்தால் சணலின் பழுப்புக் கறை நார் வழியே மேலேறியும் வரும்.

சாயத்தின் அளவு தண்ணீரைப் பொறுத்தது அன்று, காய்ந்த கம்பளத்தின் எடையைப் பொறுத்தது. நடுத்தர நிறத்துக்கு 1 கிலோ கம்பளத்துக்கு 10 முதல் 20 கிராம் தூள். கறுப்புக்கு 40 கிராம் வரையில் போகும். வெளிறியதைச் சரிக்கட்டுவதற்கு இதில் ஒரு பகுதியே போதும் என்பதால், குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதே விவேகம். தூளைக் கரைக்கும்போது முகமூடியும், பிறகு முழங்கை வரையில் ரப்பர் உறையும் வேண்டும். சாயம் கரைத்த பாத்திரத்தில் பிறகு ஒருநாளும் சமைக்கக் கூடாது. இந்த விஷயத்தில் வீட்டு அம்மாளின் அனுமதியை முன்கூட்டியே பெறுவதைவிடத் தனியாக ஒரு பழைய எவர்சில்வர் அண்டாவை வாங்கிவிடுவது குடும்ப க்ஷேமத்துக்கு நல்லது.

சிறு துண்டுகளை அண்டாவில் முக்கி, எண்பது டிகிரி அளவில் முக்கால் மணி நேரம் வைத்து, பாதியில் வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேர்த்தால், நீரில் இருந்த சாயமெல்லாம் நாருக்குள் போய் நீர் தெளிந்துவிடும். அந்தத் தெளிவே வேலை முடிந்ததற்கு அடையாளம். டிக்கியின் கம்பளம்போல் அண்டாவில் அடங்காதவற்றைத் தரையில் விரித்து, ஈரமாக்கி, அமிலம் சேர்த்த சூடான சாயநீரை, உஷ்ணம் தாங்கும் கைப்பம்பினால் குறுக்கும் நெடுக்குமாகத் தெளித்து, பிரஷ்ஷால் வேர்வரையில் தேய்த்து, துணிக்கு நீராவி பிடிக்கும் கருவியால் சூடேற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடிவைக்கவேண்டும். உஷ்ணம் இறங்கிய இடத்தில் சாயம் வெறுமனே படிந்து நிற்கும், பற்றாது. எனவே ஓரங்களில் நீராவியைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுக்கவேண்டும். சூடு ஆறியபின் நீர் தெளியும் வரையில் அலசி, நிழலில் தட்டையாக விரித்து, ஈரம் இருக்கும்போதே நாரை ஒரே திசையில் சீவிவிட்டால், காய்ந்தபின் திட்டுத்திட்டாகத் தெரியாது.

ஈரத்தில் நிறத்தை மதிப்பிடுவது வீண். நனைந்த கம்பளம் எப்போதும் கறுத்தே தெரியும். அதைக் கண்டு மகிழ்ந்து நிறுத்தியவர் மறுநாள் வருந்துவார், பயந்து நிறுத்தியவரும் வருந்துவார். முழுவதும் காய்ந்தபின், கன்சோலுக்குள் ஒளிந்திருந்த அந்தப் பூர்வ நிறத்தின் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும். சிலர் இத்தனை பிரயாசை எதற்கு, எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடலாமே என்பார்கள். கறுப்பாக்குவது சுலபம், பிசகுவதும் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் பழுப்புத் தோலும் பழுப்பு டாஷ்போர்டும் உள்ள வண்டியில் கறுத்த தரை பொருந்துவதில்லை என்பது என் ரசனை. எவ்வளவு கஷ்டப்பட்டாலும் பழுப்பைப் பழுப்பாகவே மீட்டேன்.

மீண்டும் பொருத்துவதற்கு முன் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுந்தத் தேய்த்துப் பார்க்கவேண்டும். நிறம் ஒட்டினால் மறுபடியும் அலசுவது கடமை. வெளிர்நிற உடை உடுத்தி வரும் விருந்தாளியின் சாபம் பொல்லாதது. பின்கண்ணாடியின் கீழே இழுத்து மூடும் திரை உங்கள் வண்டிக்கு உண்டானால் அதைப் போட்டு வையுங்கள். நல்ல அமிலச் சாயமும் வெயிலுக்கு நிரந்தர எதிரி அன்று, சற்றுத் தாமதப்படுத்துவது மாத்திரமே அதன் சக்தி.

சாயம் நிறத்தை மீட்குமேயன்றி நாரை மீட்காது. ஓட்டுநர் பக்கத்தில் நார் தேய்ந்து அடித்துணி தெரிகிறதென்றால், ரப்பர் அடிப்பூச்சு பொடியாக உதிர்கிறதென்றால், எங்கும் பூஞ்சை நாற்றம் நீங்கவில்லையென்றால், சாயத்துக்குச் செலவிடும் பணமும் நேரமும் நஷ்டமே. புதிய கம்பளத்துக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம், பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அளவெடுத்து வெட்டித் தைத்த செட்டுகள் கிடைக்கின்றன. நார் அடர்த்தியாக நின்று நிறம் மட்டும் போயிருந்தால் சாயமே சரி. புதியதை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆசன போல்ட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் கியர் தண்டுக்கும் எங்கெங்கே துளை வெட்டவேண்டும் என்பதைக் காட்டும் அச்சு அவைதான். புதிய கம்பளம் பொருந்தி, கதவு மூடி, ஆசனம் தண்டவாளத்தில் ஓடும் வரையில் அவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.